மோர்டின் ஏன் கோபுரம் ஏறினார்? கேள்வி பதில்

'மாஸ் எஃபெக்ட் 3' (2012) என்ற விண்வெளி வீடியோ ஆட்டத்தில், சாலரியன் என்ற வேற்றுக்கிரக இனத்து விஞ்ஞானி மோர்டின் சோலஸ் உயிரை விடும் டுச்சாங்கா (குரோகன் என்ற இன்னொரு இனத்தின் தாய்க்கிரகம்) கட்டம்தான் இங்கே பேச்சு. முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் ஆடி முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ப்ரோ, ஆடி ரொம்ப நாளாச்சு. அவர் எதுக்கு மேலே போறார்? சுருக்கமா சொல்லுங்க.

பதில்: குரோகன் இனம் பெருகாமல் தடுக்க சாலரியன்கள் உருவாக்கியது ஜீனோஃபேஜ். ஆயிரம் கருவில் ஒன்று தேறினாலே பெரிது. குரோகன் உடல் அதற்கு ஈடுகொடுக்கத் தொடங்கியபோது, அதை மறுபடி வலுவாக்கிய எஸ்டிஜி (சாலரியன் உளவுப்படை) குழுவில் இருந்தவர் மோர்டின். அவரே பின்னால் மாற்றுமருந்தும் தயாரிக்கிறார். அதைக் காற்றில் பரப்ப ஷ்ரௌட் கோபுரம் வேண்டும். எஸ்டிஜி அங்கே முன்பே சதிவேலை செய்துவைத்திருப்பதால் கீழே நின்று சரிசெய்ய வழியில்லை. கோபுரமோ வெடித்துச் சரிகிறது. ஏறினார், திரும்பவில்லை.

கேள்வி: என் வேலை, என் பொறுப்பு என்றுதானே அவர் சொல்கிறார்? குற்ற உணர்ச்சி என்று எல்லோரும் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பதில்: நல்ல கேள்வி. பெரும்பாலானோர் ஆடும் வழியில் அந்தக் குற்ற உணர்ச்சி வாய்விட்டு வராது. மாற்றுமருந்துக்கு நீங்கள் சம்மதித்துவிட்டால் மோர்டின் நிதானமாகப் பேசுவார். சிப்பிகளை ஆராயும் ஆசை நிறைவேறவில்லையே என்று ஒரு வரி, மேலே போனதும் தனக்குத்தானே ஒரு முணுமுணுப்புப் பாட்டு. அவ்வளவுதான்.

மருந்து வேலை செய்யாமல் போக விடச் சொல்லும் சாலரியன் ஆட்சித்தலைவி டலாட்ரஸின் பேரத்துக்கு ஒத்துக்கொண்டு, சதிவேலையை மறைத்து, கோபுரத்தடியில் அவரை மறித்துப் பாருங்கள். ஜீனோஃபேஜை இத்தனை காலம் நியாயப்படுத்தியவர் நீங்கள்தானே என்று, நீங்கள் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட் மடக்கும்போது, தான் தவறு செய்துவிட்டதாகக் கத்துகிறார். புள்ளிவிவரத்துக்குப் பின்னால் இனி ஒளிய முடியாது என்கிறார். அவரைத் தடுக்க முயல்பவருக்கு மட்டுமே அந்த மனம் திறக்கிறது.

இதன் விதை இரண்டாம் பாகத்தில் (2010) இருக்கிறது. 'ஓல்ட் பிளட்' பணியில், பழைய மாணவன் மேலனின் ஆய்வுக்கூடத்தில், இறந்துகிடக்கும் குரோகன் பெண்ணின் அருகில் நின்று கலங்குகிறார். ஆனால் அதே பணியில், ஜீனோஃபேஜைத் திருத்தாமல் விட்டிருந்தால் போர் வெடித்துக் குரோகன் இனமே அழிந்திருக்கும் என்று கணக்கும் சொல்கிறார். மூன்றாம் பாகத் தொடக்கத்தில், சாலரியன் தாய்க்கிரகமான சுர்கெஷில் குரோகன் பெண்கள் இருக்கும் செய்தியைக் குரோகன்களுக்குக் கசியவிட்டது இவர்தான் என்பதையும் மறக்காதீர்கள். கோபுரத்துக்கு வெகு முன்பே மோர்டின் குரோகன்கள் பக்கம் மாறிவிட்டார்.

ஓர் எச்சரிக்கை: யூடியூபில் மூன்று நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு நோக்கம் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். நம் தேர்வுக்கேற்பப் பிரியும் கதையில் அது ஒரே ஒரு கிளை.

கேள்வி: அவரைச் சாகாமல் காப்பாற்ற முடியுமாமே? எப்படி?

பதில்: முடியும், விலை அதிகம். முதல் பாகத்தில் (2007) விர்மையர் கிரகத்தில் குரோகன் தோழன் ரெக்ஸ் சாக வேண்டும். அப்போதுதான் ரீவ் குரோகன்களின் தலைவனாவான். இரண்டாம் பாகத்தில் மேலனின் தரவை அழிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து தயாரிக்க உதவும் குரோகன் பெண் ஈவ் பிழைக்கமாட்டாள். மூன்றில் சதிவேலையைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடாமல் கோபுரம் வரை போய், பழிவெறி பிடித்த ரீவை அடக்க ஈவும் இல்லை என்று மோர்டினிடம் வாதிட வேண்டும். ஒத்துக்கொண்டு, இறந்ததாக உலகை நம்பவைத்துவிட்டு, குரூசிபிள் என்ற பேராயுதத்தைக் கட்டும் வேலைக்குப் போய்விடுவார்.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். இரண்டாம் பாகத்தின் தற்கொலைப் பணியில் கடைசியாக அரண் காக்க நிற்பவர்களில் பலம் போதாவிட்டால் முதலில் சாவது மோர்டின்தான். அவரை அங்கே விடாதீர்கள். அவருடைய விசுவாசப் பணியை ('ஓல்ட் பிளட்') முடித்து, மீட்ட கப்பல் ஊழியர்களுக்குத் துணையாக அனுப்பிவிடுங்கள், பத்திரமாகத் திரும்புவார்.

கேள்வி: ரெக்ஸ், மோர்டின் ரெண்டு பேரும் உயிரோட இருக்கிற மாதிரி வழி இருக்கா?

பதில்: மருந்து விஷயம் முடியும்போது, இல்லை.

கேள்வி: பாரகன் (நல்லவழித் தேர்வு) புள்ளி முழுசா இருந்தா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள். ரெக்ஸ் உயிரோடு இருந்தால் அந்த வசனத் தேர்வே வராது. புள்ளி எத்தனை இருந்தாலும் வராது.

கேள்வி: இரண்டுக்கும் மூன்றுக்கும் குரல் மாறியதால் குணமும் மாறியதா?

பதில்: மைக்கேல் பீட்டிக்குப் பதில் வில்லியம் சாலியர்ஸ். தொனி மென்மையானது, குணம் அதேதான்.

கேள்வி: இதில் தியாகம் எங்கே இருக்கிறது? தான் செய்யாவிட்டால் வேறு யாராவது தப்பாகச் செய்துவிடுவார்கள் என்கிறார். வெறும் தலைக்கனம். மோர்டின் இரண்டாம் பாகத்திலேயே இறந்திருந்தால் இன்னொரு சாலரியன் விஞ்ஞானி பாடோக் விக்ஸ் அதே கோபுரம் ஏறி அதே மருந்தைச் சரியாகத்தான் பரப்புகிறார். அப்படியானால் மோர்டின் சொன்னது பொய்.

பதில்: பொய் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அந்த வரி முக்கியம். வேறொருவரால் முடியும் என்று ஆட்டமே காட்டிவிட்டதால் அதைத் தொழில்நுட்பத் தகவலாக எடுக்க முடியாது. இதே வாதத்தை அவர் இரண்டாம் பாகத்திலும் சொல்கிறார், ஜீனோஃபேஜைத் திருத்தியதற்குக் காரணமாக! தீங்கு செய்தபோது சொன்ன நியாயத்தை, அதைத் துடைக்கும்போதும் சொல்கிறார்.

அதே நபர்: அப்போ தலைக்கனம் மாறவே இல்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: தலைக்கனம் இருக்கிறது, மறுக்கவில்லை. அது மட்டும் என்றால் ரீவ் கிளையில் இறங்கி வந்திருக்கமாட்டாரே? தன் பெயர் வரலாற்றில் நிற்கும் வாய்ப்பை விட்டு, செத்தவன் என்ற பட்டத்தோடு ஒளிந்து வாழ ஒத்துக்கொள்கிறார்.

இன்னொருவர்: சாலரியனுக்கு ஆயுளே 40 வருஷம் சார். அவர் கிழவர். இழக்க என்ன இருக்கு?

பதில்: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று திட்டம் வைத்திருந்தவர் அவர். சிப்பி வரி அங்கே சும்மா வரவில்லை.

முதல் நபர்: ரீவ் கிளையில் இறங்கியது உயிர் ஆசையால்கூட இருக்கலாமே?

பதில்: இருக்கலாம் என்று வாதிட இடமில்லை. ரெக்ஸ் அல்லது ஈவ் இருக்கும் கிளைகளில் நீங்கள் சுட்டாலொழிய நிற்கமாட்டார். சுட்ட பிறகும் கட்டுப்பாட்டுப் பலகை வரை ஊர்ந்து போய்த்தான் சாகிறார். உயிர் ஆசை எல்லாக் கிளையிலும் ஒன்றுதான். கிளைக்குக் கிளை மாறுவது குரோகன்களின் எதிர்காலம். பிராயச்சித்தம் தேடுகிறார்; ஆனால் அதற்கு இன்னொரு போரை விலையாகக் கொடுக்கமாட்டார்.

முதல் நபர்: ஆனால் அதே ரீவ் கிளையில் நான் எதுவும் சொல்லாமல் விட்டால் ஏறிவிடுகிறாரே! அங்கே உங்கள் கணக்கு எங்கே போனது?

பதில்: இதுதான் என் வாசிப்பின் பலவீனமான இடம், சரியாகப் பிடித்தீர்கள். என் பதில்: தனியாக விட்டால் குற்ற உணர்ச்சி ஜெயிக்கிறது, எதிரே ஒருவர் வாதத்தை வைத்தால்தான் விஞ்ஞானி விழிக்கிறார். ஏற்காவிட்டால் விடுங்கள்.

கேள்வி: லீஜியன் தியாகமும் இதே வகையா?

பதில்: இல்லை. லீஜியன் கெத் இனம்; கூட்டு அறிவாக இயங்கும் அந்த இயந்திர இனத்தின் விஷயத்தில் 'நான்' என்ற சொல்லே தனிப் பிரச்சினை. தனிப் பதிவு போடுங்கள்.

கேள்வி: 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' ஜான் மார்ஸ்டன்?

பதில்: அங்கே மாற்றுக் கிளை கிடையாது, அதனால் கிளைகளை ஒப்பிடும் இந்தச் சோதனை செல்லாது. மனைவியையும் மகனையும் குதிரையில் அனுப்பிய பிறகே களஞ்சியக் கதவைத் திறக்கிறார். அந்த வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: சார், மோர்டினைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: மூன்றாவது பதில்.