ஜூலையில் தனியாக ஸ்கூட்டரில் இலங்கை மலையக அருவிகள்: உங்கள் திட்டம் பற்றி

எல்ல என்ற ஊரில் தங்கி, ஒரே நாளில் தியலும, பம்பரகந்த, தலவாக்கலைப் பக்கத்து டெவன், சென் கிளேயர் அருவிகளையெல்லாம் பார்த்துத் திரும்ப முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மலை வளைவுகளில் தூரக் கணக்கு பொய்த்துவிடும், இருட்டிய பிறகு தனியாக ஓட்ட வேண்டிவரும்.

முதல் நாள் வெல்லவாய வழியாகப் போங்கள். ராவணா அருவி சாலையோரமே இருக்கிறது. அப்புறம் கொஸ்லந்த அருகே 220 மீட்டர் தியலும. அதே ஏ4 சாலையில் மேற்கே போனால், கலுபஹனவிலிருந்து பிரிந்து ஏறும் வழியில் 263 மீட்டர் பம்பரகந்த, நாட்டிலேயே உயரமானது. அன்றிரவு ஹப்புத்தளையில் தங்கிவிடுங்கள். தலவாக்கலைக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

ஜூலையில் தென்மேற்குப் பருவமழை தலவாக்கலைப் பக்கம் பெய்யும். எல்ல, தியலும இருக்கும் ஊவா மாகாணப் பக்கம் வறண்டிருக்கும். அதனால் தியலுமவில் தண்ணீர் மெலிந்திருக்கலாம். சென் கிளேயரோ மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு இயல்பாக ஓடுவதில்லை, திறந்துவிடும் நேரத்தை அங்கே விசாரியுங்கள்.

தியலுமவின் மேல் குளங்களுக்குத் தனியாக ஏறுவதுதான் எனக்குக் கவலை. பாறை வழுக்கும், விளிம்பில் தடுப்பு கிடையாது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலை தழை மிதந்து வந்தால், வானம் தெளிவாக இருந்தாலும் உடனே கரையேறிவிடுங்கள்; மேலே எங்கோ மழை பெய்திருக்கும்.