மாமாவின் ரெண்டு வட்டியும் ஜெர்மனியில் ஒரு வருஷச் சேவையும்

கேள்வி: எனக்கு 24 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 16,000 ரூபாய். ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை முடித்து இப்போது அடுத்த நிலையான பி1 படிக்கிறேன். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் எஃப்.எஸ்.ஜே. என்ற ஒரு வருஷத் தன்னார்வச் சேவைக்கு இடம் வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. ஒரு ஜெர்மன் குடும்பத்தோடு தங்க வேண்டும். தங்கலும் சாப்பாடும் இலவசம், கையில் மாதம் 420 யூரோ. இதற்கு 4.5 லட்சம் கேட்கிறார்கள். அம்மாவின் செயினை அடகு வைத்து 1.2 லட்சம் கட்டிவிட்டோம். 30,000 என் சேமிப்பில் இருக்கிறது. மீதி 3 லட்சத்தை மாமா ரெண்டு வட்டிக்குத் தருகிறார். முதல் மாதத்திலிருந்தே 20,000 அனுப்ப வேண்டும் என்கிறார். வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பிடித்த வேலை. வேறு தேசத்துக் குடும்பத்தோடு வாழ்ந்து பார்க்கவும் ஆசை. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. மீதியைக் கட்டிவிடலாமா? அங்கிருந்து அனுப்பும் பணத்தில் ஒரு யூலிப் (இன்ஷூரன்ஸும் சந்தை முதலீடும் சேர்ந்த) பாலிசி போடவும் கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார்.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கட்டாதீர்கள். மாமாவிடம் அந்த 3 லட்சத்தை வாங்கவும் வாங்காதீர்கள். ஜெர்மனி போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் ஆசையில் ஒரு குறையும் இல்லை. நான் தடுப்பது, கடனை முதுகில் ஏற்றிக்கொண்டு சேவைக்குப் போவதை.

உங்கள் வீட்டில் எல்லோரும் அந்த 420 யூரோவைச் சம்பளம் என்று நினைக்கிறார்கள். ‘நாற்பத்திரெண்டாயிரம் வருது, இருபதை அனுப்பினா என்ன’ என்று மாமா கணக்குப் போட்டிருப்பார். அது கைச்செலவுப் பணம். இவ்வளவுக்கு மேல் தரக்கூடாது என்று ஜெர்மன் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025-ல் அது மாதம் 644 யூரோ. அதற்குக் கீழே எவ்வளவு என்பது நீங்கள் சேரும் இடத்தைப் பொறுத்தது. இந்தப் பணத்தில் கடன் அடைக்கலாம் என்று அந்தத் திட்டத்தை வகுத்தவர்கள் யாரும் நினைக்கவில்லை.

ஒரு யூரோவை 100 ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். பஸ், ரயில் மாதப் பாஸ் 60 யூரோ. போன் 15. வார இறுதியில் வெளியே சாப்பிடுவது, சோப்பு, ஷாம்பு, மருந்து 60. குளிருக்குக் கோட்டும் பூட்ஸும் வாங்காமல் முடியாது, அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் 30. ஒரு வருஷச் சேவையில் 25 நாள் பயிற்சி முகாம்கள் கட்டாயம், அங்கே மற்ற பிள்ளைகளோடு ஒரு காபி, ஒரு சின்னப் பயணம் என்று 40. ஆக 205 போனால் மிச்சம் 215 யூரோ, அதாவது 21,500 ரூபாய். மாமாவுக்கு 20,000, செயின் மேல் வட்டி ஆயிரத்துச் சொச்சம். கையில் நிற்பது நாலு யூரோ. ஒரு பல் வலி வந்தால், போன் கீழே விழுந்து உடைந்தால் என்ன செய்வீர்கள்?

சரி, ஒன்றும் உடையவில்லை, 11 மாதமும் தவறாமல் 20,000 அனுப்பிவிட்டீர்கள் என்றே வைப்போம். முதல் மாதப் பணம் மாதக் கடைசியில்தான் வரும் என்பதால் 12-ஐக் கணக்கில் எடுக்க முடியாது. ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்குத்தான் வட்டி என்றாலும், வருஷ முடிவில் மாமாவுக்கு 1.37 லட்சம் நிற்கும். செயின் அசல் 1.2 லட்சம் அப்படியே இருக்கும். நடைமுறையில் மாதம் 15,000-தான் முடிந்தது என்றால் செயினையும் சேர்த்து மொத்தப் பாக்கி சுமார் 3.2 லட்சம். முழு 3 லட்சத்துக்கும் கடைசிவரை வட்டி என்று மாமா நினைத்திருந்தால் இதைவிட மோசம். அதை அவரிடம் யாராவது கேட்டீர்களா? இதற்கு நடுவில் இங்கே 12 மாதச் சம்பளம் 1.92 லட்சமும் போயிருக்கும்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. எஃப்.எஸ்.ஜே.யில் நீங்கள் நர்ஸ் இல்லை. உங்களிடம் பட்டம் இருந்தாலும் ஊசி போடுவதோ மருந்து கொடுப்பதோ உங்கள் வேலை ஆகாது. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சின்னத் துண்டுகளாக நறுக்கி வைப்பது, கை நடுங்கும் ஒரு பாட்டிக்குக் கோப்பையைப் பிடித்துக்கொள்வது, சக்கர நாற்காலியைத் தோட்டம் வரை தள்ளிப் போவது, படுக்கை மாற்றுவது, பேச ஆள் இல்லாதவர் பக்கத்தில் உட்கார்வது. அருமையான வேலை, உங்களுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் இடம் சரியில்லை என்றால், அல்லது தங்கும் வீட்டில் ‘குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கோ, பாத்திரத்தையும் கழுவிடு’ என்று தினமும் ஆரம்பித்தால், ‘இது என் ஒப்பந்தத்தில் இல்லை’ என்று சொல்லும் தைரியம் உங்களிடம் இருக்க வேண்டும். வீட்டு ஆள் மாதிரி கூடமாட உதவுவது வேறு, அந்த வீட்டுப் பிள்ளைகளை வளர்ப்பது வேறு. குழந்தை பார்த்துக்கொள்வதற்கு ஓ-பேர் என்று தனி விசாவே இருக்கிறது. அதில் வாரத்துக்கு 30 மணி நேரம்தான் வேலை, கைப்பணம் 280 யூரோ. சேவைக்குப் போனவர் இல்லத்தில் முழுநேரம் உழைத்துவிட்டு வந்து இதையும் செய்ய வேண்டியதில்லை. பிரச்சினை என்றால் சேவையை நடத்தும் அமைப்பிடம் சொல்லி வேறு இடம் கேட்கலாம், வேறு வீடும் கேட்கலாம். ஆனால் மாசம் பிறந்தால் மாமாவுக்கு 20,000 போக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் பெண் வாயைத் திறக்க மாட்டாள். இடம் மாறும்போது ஒரு மாதப் பணம் தள்ளிப்போகுமோ என்ற பயத்திலேயே பொறுத்துக்கொள்வாள். ஒரு வீட்டுக்குள் தனியாக, அரைகுறை மொழியோடு இருக்கும் 24 வயதுப் பெண்ணை அந்த நிலையில் வைக்கக்கூடாது. கடன் வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, அந்த 4.5 லட்சம் எதற்கு? மொழி வகுப்புக்கு நீங்களே தனியாகக் கட்டிப் படிக்கிறீர்கள். ஜெர்மன் விசா கட்டணம் 75 யூரோ, அதாவது 7,500 ரூபாய். விமான டிக்கெட் 45,000 என்று வையுங்கள். மொழித் தேர்வு, சான்றிதழ் மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்து 25,000. போய் இறங்கியதும் கைச்செலவுக்கு 30,000. மொத்தமே 1.1 லட்சத்தை ஒட்டித்தான் வருகிறது. மருத்துவக் காப்பீடு உட்பட சமூகக் காப்பீட்டுத் தொகையை அங்கே சேவை அமைப்பே கட்டுகிறது. ‘ஒரு வருஷ இன்ஷூரன்ஸ்’ என்று பட்டியலில் ஒரு வரி இருந்தால் அதைக் கேள்வி கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவு பெற்ற ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்று நம் குடியேற்ற விதி சொல்கிறது. சம்பளமே இல்லாத சேவைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் வாங்குவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. செஞ்சிலுவைச் சங்கம், காரித்தாஸ், டியாகோனி போன்ற அமைப்புகள்தான் அங்கே இந்தச் சேவையை நடத்துகின்றன. அவற்றுக்கு நேராகவே எழுதி விண்ணப்பிக்கலாம்.

கட்டிய 1.2 லட்சத்தை ‘போனது போகட்டும்’ என்று விடாதீர்கள். அது போய்விடுமே என்ற பயத்தில் மேலே மூன்று லட்சத்தைப் போடவும் செய்யாதீர்கள். இந்த வாரமே கன்சல்டன்சிக்கு மெயில் அனுப்புங்கள். நீங்கள், சேவை அமைப்பு, முதியோர் இல்லம் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் நகல் வேண்டும், வாங்கிய பணத்துக்கு இனவாரியாகக் கணக்கு வேண்டும் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் கைப்பணம், தங்கும் இடம், விடுமுறை எல்லாம் எழுத்தில் இருக்கும். அதைக் காட்ட முடியாதவர்களிடம் உங்களுக்கென்று ஓர் இடமே இருக்காது. தரவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. முழுசாக வராமல் போகலாம், வருவது எதுவானாலும் முதலில் செயினுக்குப் போகட்டும். வட்டியை மட்டும் கட்டி வருஷா வருஷம் மாற்றி வைத்துக்கொண்டே போனால் அந்த நகை வீடு திரும்பாது.

யூலிப் பற்றி ஒரு வரி போதும். ஐந்து வருஷம் எடுக்க முடியாத ஒன்றில், ஒரு வருஷம் மட்டும் வரும் கைப்பணத்தைப் போடச் சொல்பவர் உங்கள் நலனுக்காகப் பேசவில்லை. ‘இப்போ போங்க, அப்புறம் தவணையில் கட்டுங்க’ என்று செயலி வழியாகக் கடன் தர வருபவர்களுக்கும் இதே பதில்தான்.

இனி எப்படிப் போவது? உங்களிடம் 30,000 இருக்கிறது. மாதம் 7,000 ஒதுக்க முடிந்தால் ஒரு வருஷத்துக்குள் 1.1 லட்சம் சேர்ந்துவிடும். எஃப்.எஸ்.ஜே. பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். 27-வது பிறந்த நாளுக்கு முன்பு வரை சேரலாம் என்பதால் உங்களுக்கு அவசரமே இல்லை. அதற்குள் பி1 முடித்து, நேராக விண்ணப்பித்து, யாருக்கும் கடன் இல்லாமல் போய் வாருங்கள்.

ஆனால் மனதுக்குள் இருப்பது சேவை ஆசையைவிட வீட்டுக் கஷ்டம் தீர வேண்டும் என்பதுதான் என்றால், இந்த வழியே உங்களுக்குத் தேவையில்லை. பி.எஸ்சி. நர்சிங்கும் ரெண்டு வருஷ அனுபவமும் இருப்பவர் பி2 வரை படித்து, பட்டத்துக்கு ஜெர்மன் அங்கீகாரம் பெற்றால் நர்ஸாகவே வேலைக்குப் போகலாம். முதியோர் பராமரிப்பில் தகுதி பெற்ற நர்ஸுக்கு 2025 ஜூலை முதல் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 20.50 யூரோ. முழுநேரம் பார்த்தால் பிடித்தத்துக்கு முன் மாதம் 3,300 யூரோவைத் தாண்டும். கேரளத்தில் நோர்க்கா என்ற அரசு அமைப்பு வழியாக நடக்கும் ‘டிரிபிள் வின்’ திட்டத்தில் நர்ஸுகளிடம் கட்டணம் வாங்குவதில்லை, செலவை ஜெர்மன் முதலாளி ஏற்கிறார். நம் ஊரில் 1978 முதல் இருக்கும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளையும் விடாமல் பாருங்கள்.

மாமாவிடம் அப்பாவைப் பேச அனுப்பாதீர்கள். அப்பாவுக்கு மச்சான் முகத்தை முறிக்க மனசு வராது, பாதியில் ஒத்துக்கொண்டு வந்துவிடுவார். நீங்களே போங்கள். மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். ‘மாமா, அங்கே எனக்குச் சம்பளம் கிடையாது, உங்க பணத்தைத் திருப்பித் தர என்னால முடியாது, அதனால வாங்கலை’ என்று சொல்லுங்கள். கோபப்படுவார், ரெண்டு மாசம் பேசாமலும் இருப்பார். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.