செங்கிஸ் என்பது பெயரா, பட்டமா?

செங்கிஸ் கான் முஸ்லிம் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? 'செங்கிஸ்' என்றால் என்ன பொருள்?
– வாசகர், திண்டுக்கல்

இல்லை. நிறையப் பேர் உங்கள் நண்பரைப் போலத்தான் நினைக்கிறார்கள், அந்தக் 'கான்'தான் காரணம். அவர் வணங்கியது தெங்ரி என்ற வானத்தை. 'கான்' மதம் சார்ந்த சொல்லே அல்ல, புல்வெளி நாடோடிகள் தங்கள் தலைவனுக்குத் தந்த பட்டம். அதன் பெரியண்ணன் 'ககான்', அதாவது பேரரசன். ரூரான் என்ற நாடோடிப் பேரரசின் தலைவர் கி.பி. 402 வாக்கிலேயே ககான் ஆகிவிட்டார், 552இல் அவர்களை வீழ்த்திய துருக்கியரின் பூமின் அதே பட்டத்தைத் தானும் எடுத்துக்கொண்டார். இஸ்லாம் பிறந்தது அதற்கும் பிறகு.

சரி, செங்கிஸுக்கு வருவோம். அதுவும் பெயர் இல்லை! பெற்றோர் வைத்த பெயர் தெமுஜின். அப்பா எசுகெய் போரில் சிறைபிடித்து வந்த ஒரு தாத்தார் வீரனின் பெயர் அது, வேரில் இரும்பைக் குறிக்கும் 'தெமுர்' இருக்கிறது. 1206இல் ஓனான் ஆற்றங்கரையில் கூடிய குருல்தாய், அதாவது குலத்தலைவர்களின் பெருங்கூட்டம், அவரைச் செங்கிஸ் கான் என்று அறிவித்தது.

பொருள் என்ன என்பதில்தான் சண்டை. கடலைக் குறிக்கும் 'தெங்கிஸ்' என்ற துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது, ஆகவே கடல் போல எங்கும் பரந்த அரசன் என்று பொருள் என்பார்கள் ஒரு சாரார். கடுமையானவன், உறுதியானவன் என்பதுதான் பொருள் என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் கடலுக்கு மங்கோலியரிடம் 'தலாய்' என்ற சொல் இருந்தது, 1246இல் பேரன் குயுக் போப்பாண்டவருக்கு அனுப்பிய கடிதத்தின் முத்திரையில்கூட 'தலாய் கான்' என்றே இருக்கிறது, கையில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இன்னொரு வடிவத்தை ஏன் தேடிப் போக வேண்டும்? (தலாய் லாமாவில் இருக்கும் தலாயும் இதேதான். 1578இல் அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் அல்தான் கான் என்ற மங்கோலியத் தலைவர்.)

அவ்வளவு நாடுகளை வென்ற தைமூர் ஏன் 'தைமூர் கான்' ஆகவில்லை?
– வாசகி, காரைக்குடி

ஆக முடியாது, அதனால்தான். செங்கிஸின் ஆண்வழி வாரிசு மட்டுமே கான் ஆகலாம் என்பது மத்திய ஆசியாவில் எழுதாத சட்டம். தைமூர் பர்லாஸ் குலம். டெல்லியைச் சூறையாடியவர், சமர்கந்தில் உட்கார்ந்து அத்தனை பேரை ஆட்டிவைத்தவர், ஆனாலும் செங்கிஸ் வம்சத்து ஆள் ஒருவரைப் பேருக்குக் கானாக உட்காரவைத்துவிட்டுத் தன்னை 'அமீர்' என்று மட்டும் சொல்லிக்கொண்டார். அந்த வம்சத்து இளவரசி சராய் முல்க் கானுமை மணந்த பிறகு 'குர்கான்' என்றும் சேர்த்துக்கொண்டார். அதற்கு என்ன பொருள் தெரியுமா? மருமகன்! மாமனார் வீட்டுப் பெருமையையே பட்டமாகச் சூடிக்கொண்ட பேரரசர். அவர் வழிவந்த மொகலாயர்களும் தங்கள் வம்சத்தைக் 'குர்கானி' என்றுதான் சொன்னார்கள். 1507இல் காபூலில் பாபர் தனக்கெனத் தேர்ந்தெடுத்தது 'பாதுஷா'. அப்புறம் இங்கே ராஜா பாதுஷா, அவரிடம் வேலை பார்க்கும் பிரபுக்கள் 'கான்' என்று ஆகிப்போனது. அக்பரின் காப்பாளர் பைராம் கானுக்குக் கிடைத்த 'கான்-இ-கானான்', கான்களுக்கெல்லாம் கான், அப்படி வந்ததுதான். அரசனின் பட்டம் பிரபுவுக்கு இறங்கி, கடைசியில் சாதாரண மனிதர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வெள்ளைக்காரன் கொடுத்த 'கான் பகதூர்', 'ராவ் பகதூர்' பட்டங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– வாசகர், கும்பகோணம்

உண்டு, 'ராவ் பகதூர்' பட்டத்திலும் உண்டு. வீரன் என்று பொருள்படும் 'பகாதுர்' என்ற புல்வெளிச் சொல் பாரசீகம் வழியாக மொகலாய அரண்மனைக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. முஸ்லிம்களுக்குக் கான் பகதூர், நம் பக்கத்து இந்துக்களுக்கு ராவ் பகதூர். செங்கிஸின் அப்பாவை மங்கோலியர் அழைத்ததே 'எசுகெய் பகாதுர்' என்றுதான். 1924இல் மங்கோலியத் தலைநகருக்கு வைத்த உலான் பாத்தர் என்ற பெயரிலும் 'பாத்தர்' அதே சொல்தான். சிவப்பு வீரன் என்று பொருள்.