3 கிலோவாட் போதுமா, 5 போடலாமா?

கேள்வி: தாம்பரத்தில் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் ஓடுகிறது, கரண்ட் பில் 7,000 ரூபாய் வருகிறது. மொட்டை மாடியில் 5 கிலோவாட் சோலார் போட்டால் பில்லே வராது என்கிறார் டீலர். 3 லட்சம் ஆகுமாம். எஃப்.டி.யை உடைக்கலாமா?

பதில்: சோலார் போடுங்கள், ஆனால் 3 கிலோவாட் போதும்.

சென்னை வெயிலுக்கு 1 கிலோவாட் சராசரியாக தினம் 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாகவே குறையும், அது வேறு. ஆக 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 720 யூனிட். மீதி 280 யூனிட்டுக்குத்தான் பில். அதிலும் முதல் 100 இலவசம், மற்றதும் மலிவான ஸ்லாபில் வந்துவிடும். 700 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 800 யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு 10 ரூபாய்க்கு மேல் கட்டுகிறீர்களே, சோலார் முதலில் கழிப்பது அதைத்தான்.

கூடுதல் 2 கிலோவாட் என்ன தரும்? அந்த மிச்ச 700 ரூபாயைத்தான். அதற்கு இன்னொரு லட்சமா? மிஞ்சும் மின்சாரத்துக்கு மின்வாரியம் தரும் விலையும் 10 ரூபாய்க்குப் பக்கத்தில் வராது. மானியமும் அதிகமாகாது. 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். ஏசி இன்னும் இரண்டு வாங்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

3 கிலோவாட்டுக்கு 2 லட்சம் என்று வைத்தால், மானியம் போக உங்கள் கைக்காசு 1.22 லட்சம். வருடத்துக்கு 36,000 ரூபாயாவது மிச்சமாகும். நாலு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். எந்த எஃப்.டி. இப்படித் தருகிறது, அதுவும் வரி இல்லாமல்? தாராளமாக உடையுங்கள். சோலாரோடு வரும் இன்வெர்ட்டரை மாற்ற மட்டும் பத்து வருடம் கழித்துக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

வாட்டர் டேங்க் நிழல் பேனலில் விழக்கூடாது. வர்தா மாதிரி புயலைத் தாங்கும் ஸ்டாண்டாகக் கேளுங்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைக்கும் ஆன்கிரிட் சோலார், கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். இதை டீலர் சொல்லியிருக்க மாட்டார்! அப்புறம், மானியம் வேலை முடிந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதுவரை முழு 2 லட்சமும் கையில் இருக்க வேண்டும்.