பதில்: குளிரில் ஓடும்போது வியர்த்து நடுங்குவது

பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டுகிறது, நின்றால் நடுக்கம் எடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தடித்த ஸ்வெட்டருக்கு அடியில் பருத்தி பனியன் போடுகிறீர்களே, அதுதான் காரணம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு முதுகோடு சில்லென்று ஒட்டிக்கொள்ளும். காற்று பட்டால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும்.

உள்ளே உடம்பை ஒட்டிய மெல்லிய பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளிச் சட்டை போடுங்கள். மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், கழுத்துவரை ஜிப் வைத்தது; சூடேறினால் பாதி இறக்கிவிடலாம். வெளியில் இருப்பதைவிட 5 முதல் 10 டிகிரி வெப்பம் கூடுதல் என்று எண்ணி உடுத்துங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிரத்தான் வேண்டும்.

கையுறையும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம். விரல் மரத்து வெளுத்தால் தயவுசெய்து ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். ஓடி முடித்ததும் ஈர உடுப்பை உடனே மாற்றுங்கள்.