சேலம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து துபாய் கணக்குக்கு: 4,500 திர்ஹம் ஆஃபரை எப்படிப் பார்ப்பது

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பெரியார் பல்கலையில் பி.காம். முடித்திருக்கிறீர்கள். செவ்வாய்ப்பேட்டை ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருடமாக வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி வியாபாரிகளின் ஜி.எஸ்.டி. பார்க்கிறீர்கள். சி.ஏ. இன்டரில் ஒரு குரூப் பாக்கி. துபாயின் தேரா பகுதியில் ஒரு டிரேடிங் கம்பெனி 4,500 திர்ஹத்துக்கு அக்கவுண்டன்ட் வேலை தருகிறது. போகலாமா, வேலை எப்படி இருக்கும், சி.ஏ. என்ன ஆகும் என்பது கேள்வி.

வரலாம். ஆனால் 4,500 என்ற மொத்தத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். அது பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பணிக்கொடை பேசிக்கின் மேல்தான் கணக்கிடப்படும். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள். ஒரு வருடமாவது முடிக்க வேண்டும். பேசிக் 1,500, மீதி 3,000 அலவன்ஸ் என்று போட்டிருந்தால் வருடத்துக்கு 1,050 திர்ஹம்தான் சேரும். அதே 4,500-இல் பேசிக் 2,700 என்றால் 1,890. ஐந்து வருடத்தில் வித்தியாசம் 4,200 திர்ஹம், கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். வேலையை விடும்போது மிச்ச லீவுக்குக் கிடைக்கும் காசும் பேசிக்கை வைத்துத்தான். ஆகவே மொத்தத்தில் 200 கூட்டிக் கேட்பதைவிட, பேசிக்கை உயர்த்திக் கேட்பது சில சமயம் லாபம். முதலாளிக்கும் அது உடனே கையைக் கடிக்காது என்பதால் சம்மதிப்பார்கள்.

விசா, வேலை அனுமதிச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 'முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம்' என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் உரிமை கிடையாது. ப்ரொபேஷன் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலத்தில் இங்கேயே வேறு கம்பெனிக்கு மாறினால் ஒரு மாத நோட்டீஸ், ஊருக்கே திரும்பினால் 14 நாள். ஊரில் ஏஜென்ட் மூலம் வருகிறீர்கள் என்றால் அவர் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும். 'விசிட் விசாவில் வந்து வேலையை ஆரம்பியுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்றால் வராதீர்கள். வேலை அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம். சம்பளத் தகராறு வந்தால் காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

தங்குமிடம், சாப்பாடு பற்றி நிறைய பேர் சொல்வார்கள், நான் நீட்டவில்லை. பெட் ஸ்பேஸ் எடுத்தாலும் சம்பளத்தில் கால்வாசி வரை அதற்கே போகலாம். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் தங்கி தேராவுக்கு வந்துபோனால் காலையும் மாலையும் டிராஃபிக்கில் கழியும். கணக்கு வேலையில் மாதக் கடைசியில் நேரத்துக்குக் கிளம்பவே முடியாது, அதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனி வேலை. ஊரில் நீங்கள் பழகியது மாதம் பிறந்தால் ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன், வருடக் கடைசியில் கணக்கை முடிக்கும் ஃபைனலைசேஷன். இங்கே நீங்கள் கம்பெனிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பீர்கள். பில் போடுவது முதல் பேங்க் மேனேஜருக்குப் பதில் சொல்வது வரை எல்லாம் உங்கள் மேஜைக்குத்தான் வரும். டேலி சாஃப்ட்வேர் இங்கேயும் ஓடுகிறது, அதில் பயம் வேண்டாம். 12,50,000 என்று கமா போடும் கை 1,250,000 என்று போடப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். பெரும்பாலான கம்பெனிகளுக்கு வருடம் ஜனவரி முதல் டிசம்பர். டி.டி.எஸ். கிடையாது. ஏற்காட்டு எஸ்டேட் கணக்கில் விளைவித்துப் பதப்படுத்தி விற்ற காபிக்கு 25 சதவீதம் மட்டும் வரிக்குரியது என்பது மாதிரியான நுணுக்கங்களையும் மறந்துவிடலாம்.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) 2018 ஜனவரி 1-இல் வந்தது. 5 சதவீதம், ஒரே விகிதம். கொலுசுக்கு 3, செய்கூலிக்கு 5 என்று பிரித்துப் பழகியவருக்கு இது சுலபம் என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே ஜி.எஸ்.டி.யின் 2பி பட்டியல் மாதிரி எதுவும் இல்லை. சப்ளையர் ஏற்றினாரா என்று போர்ட்டலில் ஒப்பிட்டுப் பார்த்து இன்புட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்கும் வசதி கிடையாது. கையில் உள்ள பில் சரியாக இருந்தால் எடுக்கலாம், பிற்பாடு ஆடிட்டில் அது தவறென்றால் வரியையும் அபராதத்தையும் கம்பெனி கட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு பர்ச்சேஸ் பில்லிலும் பார்க்க வேண்டியவை: 'டேக்ஸ் இன்வாய்ஸ்' என்ற தலைப்பு, சப்ளையரின் 15 இலக்க டி.ஆர்.என். (வரிப் பதிவு எண்), 10,000 திர்ஹத்தைத் தாண்டினால் உங்கள் கம்பெனியின் பெயர், முகவரி, டி.ஆர்.என்., வரித்தொகை திர்ஹத்தில். டாலரில் பில் போட்டிருந்தாலும் வரி திர்ஹத்தில் இருக்க வேண்டும். புது சப்ளையர் என்றால் டி.ஆர்.என். எண்ணை வரித்துறை இணையதளத்தில் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். 'புரஃபார்மா', 'டெலிவரி நோட்' இவற்றை வைத்து இன்புட் எடுப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் காரியம், செல்லாது. சப்ளையருக்குக் கெடு தேதி தாண்டி ஆறு மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் எடுத்த இன்புட்டைத் திருப்பவும் வேண்டியிருக்கும். நம் ஜி.எஸ்.டி.யில் உள்ள 180 நாள் விதியின் அண்ணன் தம்பிதான்.

டிரேடிங் கம்பெனி என்பதால் இறக்குமதிதான் உங்களுக்கு முக்கியம். சரக்கின் சி.ஐ.எஃப். மதிப்பு (விலை, இன்ஷூரன்ஸ், சரக்குக் கூலி சேர்ந்தது) 100,000 திர்ஹம் என்று வையுங்கள். சுங்கத் தீர்வை 5 சதவீதம், அதாவது 5,000. இது சரக்கின் அடக்கவிலையில் சேரும். வாட் 105,000 மேல், 5,250. வாட் பதிவுள்ள கம்பெனி இதைத் துறைமுகத்தில் கட்டத் தேவையில்லை, ரிட்டர்னில் காட்டினால் போதும். ரிட்டர்ன் படிவத்தின் பாக்ஸ் 6-இல் சுங்கத் துறையிலிருந்து தானாகவே வந்து விழும். அதே 5,250-ஐ நீங்கள் பாக்ஸ் 10-இல் இன்புட்டாக எடுக்க வேண்டும், நிகரம் பூஜ்யம். இதில் மூன்று விதமாகத் தவறு நடக்கும். பாக்ஸ் 6 தானாக வந்ததைப் பார்த்துவிட்டு பாக்ஸ் 10-ஐ மறந்தால் 5,250 கையை விட்டுப் போகும். அதே சரக்கை பாக்ஸ் 3-இலும் போட்டால் இரட்டிப்பு. பாக்ஸ் 3 வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவைகளைக் காட்டும் இடம். மூன்றாவது, கம்பெனியின் இம்போர்ட் கோடு டி.ஆர்.என்.-உடன் இணைக்கப்படாமல் இருப்பது, அல்லது கிளியரிங் ஏஜென்ட் தன் எண்ணிலேயே சரக்கை எடுத்துவிடுவது. அப்போது பாக்ஸ் 6 காலியாகவே இருக்கும். சேர்ந்த முதல் வாரமே வரித்துறையின் எமாராடேக்ஸ் போர்ட்டலில் இந்த இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு காலாண்டும் பில் ஆஃப் என்ட்ரி (சுங்க இறக்குமதிப் படிவம்) பட்டியலை பாக்ஸ் 6 தொகையோடு ஒப்பிடுங்கள்.

ஏற்றுமதியும் இருந்தால் வரி பூஜ்யம், ஆனால் சான்று வேண்டும். சரக்கு 90 நாளுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும். சுங்கத்தின் எக்ஸிட் சர்டிஃபிகேட்டும் பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்கு ரசீது) அல்லது ஏர்வே பில்லும் (விமானச் சரக்கு ரசீது) ஃபைலில் இருக்க வேண்டும். வாங்கியவரே வந்து சரக்கைத் தூக்கிக்கொண்டு 'நானே ஓமனுக்குக் கொண்டுபோகிறேன்' என்று போனால் அந்தக் காகிதம் பெரும்பாலும் உங்களுக்கு வந்து சேராது. அப்படிப்பட்ட விற்பனைக்கு 5 சதவீதத்தை டெபாசிட்டாக வாங்கி வைத்து, காகிதம் வந்ததும் திருப்பிக் கொடுப்பதே புத்திசாலித்தனம். சேல்ஸ்மேன் முணுமுணுப்பார், பரவாயில்லை.

ரிட்டர்ன் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒன்று, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 28-க்குள். விற்பனையை எமிரேட் வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதால், பில் போடும்போதே துபாயா ஷார்ஜாவா என்று குறித்துவையுங்கள். 27-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்து பிரிப்பது பெரிய அவஸ்தை. பணம் 28-க்குள் வரித்துறை கணக்கில் விழுந்திருக்க வேண்டும், பேங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அனுப்புங்கள்.

கார்ப்பரேட் வரி 2023 ஜூன் 1-இலோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டிலிருந்து. 375,000 திர்ஹம் லாபம் வரை பூஜ்யம், அதற்கு மேல் 9 சதவீதம். லாபம் 500,000 என்றால் வரி 11,250. டிசம்பர் 2025-இல் முடிந்த வருடத்துக்கு 2026 செப்டம்பர் 30-க்குள் ரிட்டர்ன். வருவாய் 30 லட்சம் திர்ஹத்துக்குள் இருக்கும் சிறு கம்பெனிகள், 2026 டிசம்பர் வரை முடியும் வருடங்களுக்குச் சலுகை கேட்கலாம். ஆனால் ரிட்டர்னில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தானாக வராது. வரி பூஜ்யம் என்பதால் ரிட்டர்னே வேண்டாம் என்று நினைக்கும் முதலாளிகள் இன்னமும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அபராதப் பட்டியலைக் காட்டுங்கள்.

ஊரில் நீங்கள் அதிகம் பார்த்திராதது பின்தேதியிட்ட செக். இங்கே எல்லோரும் பி.டி.சி. என்பார்கள். 60, 90, 120 நாள் கடனுக்குச் சரக்கு கொடுத்துவிட்டு அந்தத் தேதியிட்ட செக்கை வாங்கிப் பூட்டிவைப்பது வழக்கம். கடை வாடகையும் நான்கைந்து செக்காகவே போகும். செக் கைக்கு வந்த அன்றே வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைத்தால் அவர் பாக்கியே இல்லாதவர் மாதிரித் தெரிவார், சேல்ஸ்மேன் அவருக்கு மறுபடியும் கடனுக்குக் கொடுப்பார், இரண்டு செக்கும் ஒன்றாகத் திரும்பும். டேலியில் ரசீதை போஸ்ட்-டேட்டட் என்று குறித்துப் போடுங்கள், தேதி வரும்வரை பாக்கி பாக்கியாகவே நிற்கும். தேதி வாரியாக வரும் செக், போகும் செக் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஒரு எக்செல் தாளைத் தினமும் காலையில் முதலாளிக்குக் கொடுங்கள். 15-ஆம் தேதி 80,000 போக வேண்டும், 17-ஆம் தேதிதான் 90,000 வரும் என்றால் அந்த இரண்டு நாளில்தான் உங்கள் வேலை இருக்கிறது. சப்ளையரிடம் பேசி இரண்டு நாள் தள்ளுவதா, வேறு வாடிக்கையாளரை விரட்டுவதா என்று பத்து நாள் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய எச்சரிக்கை ஒன்று. 'நான் ஊருக்குப் போகிறேன், செக்கில் நீங்களும் கையெழுத்துப் போடும்படி பேங்க்கில் சேர்த்துவிடுகிறேன்' என்று முதலாளி சொல்வார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். 2022 முதல் பணமில்லாமல் திரும்பும் செக் பெரும்பாலும் கிரிமினல் குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை என்பது உண்மை. ஆனாலும் செக்கே நேரடியாக நீதிமன்ற நிறைவேற்றத்துக்குப் போகும், மோசடி நோக்கம் இருந்ததாகக் காட்டினால் குற்ற வழக்கும் வரும். 4,500 சம்பளத்துக்கு அந்தக் கையெழுத்து வேண்டாம். லைசென்ஸில் 'மேனேஜர்' என்று உங்கள் பெயரைப் போடுவதும் அதே கதை. கம்பெனிப் பணம் உங்கள் சொந்தக் கணக்கு வழியாக ஒரு திர்ஹம்கூடப் போகக் கூடாது. நம்மூர் வெள்ளித் தொடர்பில் யாராவது தங்கம், வெள்ளி வியாபாரக் கணக்குக்குக் கூப்பிட்டால், ரொக்கத்தில் 55,000 திர்ஹமோ அதற்கு மேலோ நடந்தால் பணமோசடித் தடுப்புக்கான கோஏஎம்எல் போர்ட்டலில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

மாதக் கணக்கு முடிக்கும்போது ஊரில் பெரும்பாலும் போடாத மூன்று ஒதுக்கீடுகள் உண்டு: பணிக்கொடை, லீவு சம்பளம், ஊருக்குப் போகும் டிக்கெட். விசா செலவை இரண்டு வருடத்துக்கும், வாடகை செக்கை மாதங்களுக்கும் பரப்ப வேண்டும். இதெல்லாம் செய்யாமல் லாபத்தைக் காட்டினால் பழைய ஆள் ஒருவர் வேலையை விடும் மாதத்தில் கணக்கு தலைகுப்புற விழும்.

சி.ஏ. விஷயம். ஆர்ட்டிக்கிள்ஷிப் (சி.ஏ.வுக்கான பயிற்சிக்காலம்) முடிந்திருந்தால் கிளம்புங்கள். சி.ஏ. தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ.யின் தேர்வு மையம் துபாயிலும் அபுதாபியிலும் இருக்கிறது, பாக்கி குரூப்பை இங்கேயே எழுதலாம். ஆர்ட்டிக்கிள்ஷிப் இன்னும் முடியவில்லை என்றால் அதைச் சேலத்திலேயே முடித்துவிட்டு வாருங்கள், விட்டுவிட்டு வந்தால் மறுபடி அந்த ஓட்டத்துக்குத் திரும்புவது கடினம். அக்கவுண்டன்ட் வேலைக்கு இன்டர் போதும். ஆடிட் ஃபர்மில் மேலே போக வேண்டும் என்றால் முழுத் தகுதி கேட்பார்கள். ஆடிட் அறிக்கையில் கையெழுத்திட அமைச்சகத்தின் லைசென்ஸ் தனி.

கிளம்பும் முன் ஊரில் முடிக்க வேண்டியவை. பட்டமளிப்புச் சான்றிதழை, புரொவிஷனல் அல்ல, சென்னையில் உயர்கல்வித் துறையிலும், பிறகு வெளியுறவு அமைச்சகத்திலும், பிறகு அமீரகத் தூதரகத்திலும் அட்டஸ்ட் செய்யுங்கள். கடைசி முத்திரை இங்கே வந்தபின். ஆடிட்டரிடம் லெட்டர்ஹெட்டில், சேர்ந்த தேதி, விட்ட தேதி, பார்த்த வேலைகளோடு அனுபவக் கடிதம் வாங்குங்கள். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் இருப்பவரின் உள்நாட்டு வரவுகளுக்கான கணக்கு) மாற்றச் சொல்லி பேங்க்கில் எழுதிக் கொடுங்கள், சம்பளம் அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறங்கள்.

விமான டிக்கெட் தேதியையும் வரிக் கண்ணோடு பாருங்கள். வேலைக்காக வெளிநாடு போகும் வருடத்தில் இந்தியாவில் 182 நாள் இருந்தால் அந்த வருடம் முழுக்க வரிக் கணக்கில் நீங்கள் ரெசிடென்ட், அதாவது இந்தியாவில் வசிப்பவர். ஏப்ரல் 1-இலிருந்து எண்ணினால், கிளம்பும் நாளையும் சேர்த்து, செப்டம்பர் 28 வரை 181 நாள். நவம்பரில் கிளம்பினால் மார்ச் வரை வாங்கும் துபாய் சம்பளத்தையும், இங்கே திறந்த பேங்க் கணக்கையும் இந்திய ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். வரி வராமல் போகலாம், ஆனால் காட்டாமல் விட முடியாது. கம்பெனி சேரும் தேதியில் பிடிவாதமாக இல்லை என்றால் செப்டம்பர் 28-க்குள் கிளம்பப் பாருங்கள்.