வன்னியில் இருப்பவர்கள் எந்தச் செய்தித் தளத்தை நம்பலாம்?

ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் விஷயத்துக்கு விஷயம் பதில் மாறும். நான் கிளிநொச்சிக்காரன், எங்கள் இரணைமடுக் குளத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மார்கழியில் மழை விடாமல் அடித்தால் போதும், "இரணைமடு வான் கதவுகள் அனைத்தும் திறப்பு, உடனே வெளியேறவும்" என்று வைபரில் ஒன்று வந்து விழும். வான் கதவு என்றால் குளம் நிரம்பினால் மிகை நீரை வெளியே விடும் கதவு. குளத்துக்குக் கீழே கண்டாவளை, முரசுமோட்டை, பன்னங்கண்டிப் பக்கம் இருக்கும் சனத்துக்கு இது விளையாட்டில்லை. கூடவே நீர் சீறிப் பாயும் படமும் வரும். பாதி நேரம் அது 2018 வெள்ளத்தில் எடுத்த பழைய படம். நான் முதலில் தேடுவது எண்களை. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தல் என்றால் நீர்மட்டம் எத்தனை அடி, எத்தனை கதவு, எத்தனை அங்குலம், எத்தனை மணிக்கு என்று இருக்கும். புரளியில் இவை இராது, ஆச்சரியக்குறிதான் நிறைய இருக்கும். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள்.

"ஐந்து தளத்தில் வந்திருக்கே, பொய்யாக இருக்குமா?" என்பார்கள். ஐந்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வரி, ஒரே எழுத்துப்பிழை, ஐந்திலும் "எமது செய்தியாளர்". அது ஒருவர் எழுதியது, மற்ற நால்வர் வெட்டி ஒட்டியது. கனடாவில் இருக்கும் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு நமக்கே போன் எடுத்து "அங்கே வெள்ளமாம்" என்பார், அது வேறு கதை.

பத்திரிகை என்றால் யாருடையது என்று தெரிந்துகொண்டு வாசியுங்கள். 1932இல் தொடங்கிய தினகரன், லேக் ஹவுஸ் என்ற பத்திரிகை நிறுவனத்தின் வெளியீடு. லேக் ஹவுஸை 1973இல் அரசு எடுத்துக்கொண்டது. சுற்றறிக்கை, நியமனம், பரீட்சைத் திகதி போன்றவற்றுக்கு அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முல்லைத்தீவில் படையினர் பிடித்து வைத்திருந்த கேப்பாப்புலவுக் காணி விடயத்தை அதில் மட்டும் படித்தால் அரசு சொன்னது மட்டும்தான் தெரியும், காணியைத் திருப்பிக் கேட்டு முகாம் வாசலில் குந்தியிருந்த சனம் சொன்னது தெரியாது. அதற்கு யாழ்ப்பாணத்து உதயனையும் புரட்ட வேண்டும். சரி, உதயனின் உரிமையாளர் ஈ. சரவணபவன் 2010 முதல் 2020 வரை நாடாளுமன்றத்தில் இருந்தவர். தேர்தல் நேரத்தில் அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன். இப்படிச் சார்பு தெரிந்த பத்திரிகையோடு எனக்குப் பிரச்சினை இல்லை. முகவரியும் ஆசிரியர் பெயரும் இல்லாத தளங்களைத்தான் திறப்பதே இல்லை.

வீதி ஒப்பந்தம், வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியல் பற்றிய கதைகளுக்கு எந்தத் தளமும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரியிடம் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்க மறக்காதீர்கள்.